தாய்ப்பலகையின் விலை

கணிப்பொறி வாங்கப் புறப்படும் எவரும் தாய்ப்பலகையைப் பற்றி முதலில் கேட்பதில்லை. நுண்செயலி எத்தகையது, நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்றே கேட்கின்றனர். கடைக்காரரும் அந்த வரிசையிலேயே விடை சொல்கிறார். விலைப்பட்டியலின் நடுவில், எண்ணும் எழுத்தும் கலந்த ஏதோவொரு பெயரில், ஒரே வரியாகத் தாய்ப்பலகை ஒதுங்கி நிற்கிறது. பெட்டியை மூடிய பின் அதை எவரும் பார்ப்பதுமில்லை. ஆயினும் பெட்டிக்குள் இருக்கும் ஏனைய உறுப்புகள் யாவும் அதனோடே இணைகின்றன. பெரும்பாலானவை அதன் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் அதன் வழியாகவே. பிற உறுப்புகளைப் பின்னர் மாற்றலாம், கூட்டலாம். தாய்ப்பலகையை மாற்றுவதென்றால் பெட்டியைக் காலி செய்து மீண்டும் முதலிலிருந்து கட்டவேண்டும்.

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டபோது அதன் கையேடு இப்பலகையைச் 'சிஸ்டம் போர்டு' என்றே குறித்தது. ஆப்பிள் நிறுவனத்தார் 'லாஜிக் போர்டு' என்றனர். மக்கள் வழக்கில் நிலைத்ததோ 'மதர்போர்டு'. அதில் செருகப்படும் சிறு பலகைகளை மகள் பலகைகள் என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. தாய்ப்பலகை என்னும் தமிழாக்கம் நமக்குப் பிடித்தமானது; எத்தனை பிள்ளைகள் வந்தாலும் தள்ளி உட்கார்ந்து இடம் பண்ணுகிறவள் அல்லவா தாய்! எனினும் எல்லாத் தாய்ப்பலகைகளுக்கும் அந்த மனம் இருப்பதில்லை. இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதில்தான் காசின் அருமை அடங்கியிருக்கிறது. இதை நாம் அறிய நேர்ந்த விதம் வாசக அன்பர்களுக்குப் பயன்படக்கூடும்.

நம் பங்கில் மாலைப் படிப்பகம் ஒன்று நடைபெறுகிறது. நாள்தோறும் பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள் வருவர். 2017-இல் அன்பர் ஒருவர் வழங்கிய கணிப்பொறியே அங்கு எல்லா வேலைக்கும். கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், அரசுத் தேர்வுகளுக்கான பதிவு, செய்முறைப் பயிற்சிகள் என எல்லாவற்றையும் அது சுமந்தது. இன்டெல் ஐ3-7100 நுண்செயலி, எச்110 வகைத் தாய்ப்பலகை, 8 ஜிபி ரேம். நான்காண்டுகள் சென்றபின் அந்த 8 ஜிபி போதாமல், மேலும் 8 ஜிபி வாங்கிச் சேர்த்தோம். பழைய ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதிலாக எஸ்எஸ்டி ஒன்றையும் பொருத்தினோம்.

2025-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது ஓர் இரவு இடி இடித்தது. மறுநாள் பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிடுகிறது. மின்னலின் அதிர்ச்சி இணையக் கம்பியின் வழியாக உள்ளே புகுந்திருந்தது. மின்னணுவியல் படித்த நம் பங்கு இளைஞர் ஒருவர் ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி வேறு கணிப்பொறியில் இட்டுச் சோதித்தார். “போர்டு போயிடுச்சு, ஃபாதர். எஸ்எம்பிஎஸ்ஸும் சந்தேகம்தான். மத்ததெல்லாம் உயிரோட இருக்கு” என்றார்.

செய்தி பரவியதும், இதே படிப்பகத்தில் படித்து இன்று பணியில் இருப்போர் 500, 1,000 என அனுப்பத் தொடங்கினர். ஒரு வாரத்தில் 27,000 ரூபாய் சேர்ந்தது. இரு சக்கர வண்டியில் வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் ஒருவர் அனுப்பிய 200 ரூபாயும் அதில் அடக்கம். அந்த 200 ரூபாயைக் கணக்கேட்டில் எழுதியபின், விலை விசாரியாமல் ஒரு திருகாணி வாங்கவும் மனம் வராது.

பங்குப்பேரவையில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். ஆலையில் முப்பது ஆண்டு எந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் சிக்கனம், செலவில் அதனினும் சிக்கனம். “பழைய மாடல் போர்டே புதுசா மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்குதாம், ஃபாதர். அதை மாட்டிட்டா வேலை முடிஞ்சுது. மிச்சக் காசுல பிள்ளைங்களுக்குப் புத்தகம் வாங்கலாமே” என்றார். அவர் சொன்னது உண்மை. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பழைய வகைப் பலகைகளை அவ்வளவாகப் பெயர் அறியப்படாத சில நிறுவனத்தார் இன்றும் விற்று வருகின்றனர். நியாயமான யோசனைதான். ஆகவே நியாயமான விடையும் அவருக்கு உரியதாயிற்று.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் இன்டெல் நுண்செயலிகளின் பட்டியலோ, சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. நம்முடையது ஏழாம் தலைமுறை. “அப்ப எட்டாம் தலைமுறைச் சில்லு ஒண்ணைப் பழசாப் பார்த்து வாங்கி, அதே மூவாயிரம் ரூபாய் போர்டுல போட்டா?” என்று பெரியவர் மடக்கினார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. எட்டாம் தலைமுறைச் சில்லின் அடியிலும் அதே 1,151 தொடுமுனைகளே உள்ளன. சாக்கெட்டின் பெயரும் எல்ஜிஏ1151 என்பதே. ஆனால் 2017 அக்டோபரில் அச்சில்லுகளை வெளியிட்டபோது, முந்தைய 100, 200 வரிசைப் பலகைகளில் அவை இயங்கா என்றும், 300 வரிசைப் புதுப்பலகையே வேண்டும் என்றும் இன்டெல் விதித்துவிட்டது. குழி அதேதான், உள்ளிருக்கும் பூட்டு வேறு. எச்110 அந்தப் பழைய வரிசையைச் சேர்ந்தது.

லினக்ஸ் இட்டால் என்ன என்று சிலர் கேட்டனர். நமக்கு அதில் விருப்பம் உண்டு; தனி வீட்டிற்கென்றால் தயங்காமல் அதையே சொல்வோம். ஆனால் பாலிடெக்னிக்கில் கட்டடவியல் படிக்கும் மூன்று பிள்ளைகள் வரைபட மென்பொருள் பழகவேண்டும். கணக்கு எழுதப் பயில்வோரும் உண்டு. நாளை வேலைக்குச் செல்லும் இடத்தில் எதைக் காண்பார்களோ அதைப் படிப்பகத்தில் காண்பதே அவர்களுக்கு நல்லது. புதிய நுண்செயலி, புதிய தாய்ப்பலகை, புதிய எஸ்எம்பிஎஸ் எனப் பேரவை ஒப்புக்கொண்டது. பழைய பெட்டி, எஸ்எஸ்டி, திரை, விசைப்பலகை ஆகியவை தொடரும். உயிரோடு தப்பிய 8 ஜிபி ரேம் இரண்டும் தொடரவேண்டும் என்பதில் நாம் உறுதியாயிருந்தோம்.

பெட்டி தொடர முடிந்ததற்கு ஒரு பழைய நற்செயல் காரணம். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையும், அதைத் தழுவி 1997-இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவுமுறையும் இன்றளவும் வழக்கிலுள்ளன. 244 மில்லிமீட்டர் சதுரத்திற்குள் அடங்கும் பலகை. திருகாணித் துளைகள் குறித்த இடத்தில். பிறந்து இரண்டாண்டே ஆன பலகையும் எட்டாண்டுப் பெட்டிக்குள் சலனமின்றி அமர்கிறது. சாக்கெட்டை ஈராண்டுக்கொரு முறை மாற்றும் தொழிலில் திருகாணித் துளையையாவது விட்டுவைத்தார்களே!

2025 டிசம்பரில், அந்த இளைஞரை உடன் அழைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றோம். அண்ணா சாலைக்குப் பக்கத்தில், மின்னணுப் பொருள்களுக்கென்றே பெயர் பெற்ற அத்தெருவைப் பலரும் அறிவர். ஒடுக்கமான கடைகள், மாடிக்கு மாடி கடைகள், நடைபாதையில் கம்பிச் சுருள்கள். ஒரு பலகையின் விலையைக் கேட்டால் மூன்று விடைகள் வருகின்றன: ரசீதோடு ஒரு விலை, ரசீதின்றி ஒரு விலை, பெட்டியின்றி ஒரு விலை. 18 விழுக்காடு சரக்கு சேவை வரி கழிந்த விலை நாவில் நீர் ஊறச் செய்யும். ஆனால் தாய்ப்பலகைக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. அதைக் கோருவதற்குக் கையிலிருக்கும் ஒரே சாட்சி ரசீதுதான். வரி ஏய்ப்புக்குப் பங்குப்பணம் துணைபோவது தகாது என்பது ஒருபுறமிருக்க, வெறும் வாணிகக் கணக்கிலும் ரசீதில்லாப் பலகை மலிவன்று.

முதல் கடைக்காரர் நன்றாகப் படித்தவர். “புதுசாப் பண்றீங்கன்னா ஏஎம்5 பக்கம் போயிடுங்க, ஃபாதர்” என்றார். அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாக்கெட்டின் ஆயுள் என்று ஒன்று இருக்கிறது. ஏஎம்டி நிறுவனம் தன் ரைசன் நுண்செயலிகளை 2017 மார்ச்சில் ஏஎம்4 என்னும் சாக்கெட்டில் வெளியிட்டது. அன்று வாங்கிய பலகைகள் பலவற்றில், பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. அதுவும் தானாக வாய்த்ததன்று. 400 வரிசைப் பலகைகள் அடுத்த தலைமுறைச் சில்லுகளை ஏற்கா என 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் அறிவிக்க, வாங்கியவர்கள் உரக்க முறையிட, அம்மாதமே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஐந்தாண்டு கழித்துப் பலகையை மாற்றாமல் நுண்செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிவதென்பது சிறிய சேமிப்பன்று. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டையும் 2027-ஐத் தாண்டி ஆதரிப்பதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. வசதி படைத்தவர் ஒருவர் எல்லாவற்றையும் புதிதாய் வாங்கி நெடுநாள் வைத்துக்கொள்ள எண்ணினால், கடைக்காரரின் அறிவுரை சரியானதே.

ஆனால் ஏஎம்5 பலகை டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். நம் கையிலிருந்த இரண்டும் டிடிஆர்4. முன்னொரு காலமாயிருந்தால் அதைப் பெரிதுபடுத்தாது விட்டிருக்கலாம். 2025-இன் கடைசி மாதங்களிலோ, செயற்கை நுண்ணறிவுக்கென எழும்பிய பெருங்கணிப்பொறி நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால், ரேமின் விலை இருமடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. கடைக்காரர் 16 ஜிபி டிடிஆர்5-க்குச் சொன்ன விலையைக் கேட்டு உடன் வந்த இளைஞர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் கடையின் சுவரைப் பார்த்தோம். நம் பையில் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்த இரண்டு பழைய ரேம்கள் அந்தக் கணத்தில் பொன்னாகத் தோன்றின.

ஆக, டிடிஆர்4 ஏற்கும் பலகையே வேண்டும் என்று ஆயிற்று. இரண்டு வழிகள் எஞ்சின. ஒன்று, ஏஎம்4 சாக்கெட்டில் பி450 அல்லது பி550 பலகை. மற்றது, 2021 நவம்பரில் வந்த இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் எச்610 அல்லது பி760 பலகை. எல்ஜிஏ1700 பலகைகளில் டிடிஆர்4 ஏற்பவையும் உண்டு, டிடிஆர்5 ஏற்பவையும் உண்டு. ஒன்று மற்றதை ஏற்காது. பெயர் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்; இறுதியில் 'டி4' என்ற சிறு குறிப்பே வேறுபடுத்திக் காட்டும். வாங்குவோர் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டும். இரு வழிகளும் முடிவை நெருங்கிய பாதைகளே. இரண்டிலும் பின்னாளில் வலுவான நுண்செயலியைப் பழைய சந்தையில் வாங்கிப் பொருத்திக்கொள்ள இடமுண்டு. இவற்றுள் எது உயர்ந்தது என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதிடக் கேட்டிருக்கிறோம். நம் தேவைக்கு இரண்டும் போதுமானவை. நாம் தேடிய அமைப்பு எந்தக் கடையில் இருப்பில் இருக்கிறதோ அதுவே நம்முடையது என்று வைத்துக்கொண்டோம்.

நாம் தேடிய அமைப்பு இதுதான்: ரேம் செருகுவதற்கு நான்கு ஸ்லாட்டுகள்.

இரண்டாம் கடையில் எச்610 பலகை 6,200 ரூபாய் என்றார்கள். நல்ல நிறுவனம், மூன்றாண்டு உத்தரவாதம். ஐ3-12100 என்னும் நான்கு உட்கருக்கள் கொண்ட நுண்செயலிக்கு அது தாராளமாய்ப் போதும். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள பி760 பலகையோ மூன்றாம் கடையில் 9,300 ரூபாய். வேறுபாடு 3,100. இன்றைய வேலையை இரண்டும் ஒன்றுபோலவே செய்யும். வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இராது. அப்படியிருக்க 3,100 ரூபாய் எதற்கு?

எச்610 சிப்செட், ஒவ்வொரு நினைவகப் பாதைக்கும் ஒரு ரேமை மட்டுமே அனுமதிக்கிறது. ஆகவே அதில் இரண்டே ஸ்லாட்டுகள். நம் கையிலிருக்கும் 8 ஜிபி இரண்டையும் செருகினால் அன்றே பலகை நிரம்பிவிடும். பிற்காலத்தில் 16 ஜிபி போதாமற்போனால், அவ்விரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு 16 ஜிபி இரண்டு வாங்கவேண்டும். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள பலகையிலோ, இருப்பவை இருக்கட்டும் என்று விட்டு, மேலும் 8 ஜிபி இரண்டை அருகில் அமர்த்தினால் அதே 32 ஜிபி ஆகிவிடும். வாங்கவேண்டியது பாதி, எறியவேண்டியது ஒன்றுமில்லை. ரேம் விலை விற்கும் விலையில் அந்தப் பாதியின் மதிப்பு 3,100 ரூபாயைத் தாண்டும்.

போதாமற்போகும் என்பதற்கு என்ன உறுதி என்று பெரியவர் கேட்பார் என அறிந்திருந்தோம். சான்று நம் பழைய கணிப்பொறியே. 2017-இல் 8 ஜிபி மிகுதி என்றார்கள். நான்காண்டில் அது இரட்டிப்பாயிற்று. அன்று இருந்த இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று காலியாயிருந்ததால்தான் இருந்ததை எறியாமல் கூட்ட முடிந்தது. வரைபட மென்பொருளை ஒருபுறமும் பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்களை மறுபுறமும் திறந்து வைக்கும் பிள்ளைகள் இன்றே 16 ஜிபியின் விளிம்பைத் தொடுகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பி760 என்ற பெயரைக் கண்டதும் நான்கு ஸ்லாட்டுகள் என்று கொள்ளலாகாது. அந்த சிப்செட் நான்கை அனுமதிக்கிறது. ஆனால் செலவைக் குறைக்க இரண்டே வைத்து விற்கும் பி760 பலகைகளும் சந்தையில் உள்ளன. அத்தகைய ஒன்றை 8,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். பி760-க்கு உரிய வேறு சில வசதிகள் அதில் உண்டென்றாலும், நாம் காசு கொடுக்க வந்த காரணம் அதில் இல்லை. சிப்செட்டின் பெயர், பலகை எதைச் செய்யக்கூடும் என்பதைச் சொல்லும். எதைச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பலகையைப் பார்த்தே அறியவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மலிவுப் பலகைகளில் பெரும்பாலும் கை வைக்கப்படுவது அங்கேதான். எஸ்எம்பிஎஸ் பலகைக்குத் தருவது 12 வோல்ட். நுண்செயலிக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1 வோல்ட்டும் சில்லறையும். இந்த இறக்கத்தைச் செய்யும் சிறு சுருள்களும் மின்மாற்றுச் சில்லுகளும் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன, விஆர்எம் என்பர். ஐ3-12100 முழு மூச்சில் உழைக்கும்போது 89 வாட் வரை கேட்கும். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் 89 வாட் என்றால் 70 ஆம்பியருக்கும் மேல்! வீட்டிலுள்ள ஒன்றரை டன் ஏசி இழுப்பதே 10 ஆம்பியருக்குள் என்பதை நினைத்தால், கட்டைவிரல் அகலப் பகுதியில் நடக்கும் உழைப்பு விளங்கும். 65 வாட் வகுப்பு நுண்செயலிகளுக்கு எளிய விஆர்எம் போதும். ஆனால் 250 வாட் கேட்கும் பெருஞ்சில்லை மலிவுப் பலகையில் இட்டால் வெப்பம் தாங்காது. பலகை தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். சில்லுக்குக் கொடுத்த காசு புகையாய்ப் போகும். நாம் பார்த்த 9,300 ரூபாய்ப் பலகையில் விஆர்எம் மீது அலுமினியத் தகடு ஒன்று இருந்தது. ஐ3-க்கு அது தேவையன்று. பிற்காலத்தில் ஓர் ஐ5 வந்தால் உதவும். அதற்கு மேற்பட்ட பலகைகளை நாம் கேட்கவே இல்லை.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணிப்பொறி வைத்திருந்தோர் சிலருக்கு உப்பிய மின்தேக்கிகள் நினைவிருக்கும். உள்ளிருக்கும் திரவத்தின் சேர்மானம் சரியின்றித் தயாரான அலுமினிய மின்தேக்கிகள் உலகெங்கும் பலகைகளில் ஏறி, இரண்டு மூன்று ஆண்டுகளில் தலை உப்பி, வெடித்து, பழுப்பு நீர் கசிந்தன. சில காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பலகையே பலியாயிற்று. அதன்பின் திரவமற்ற திடவகை மின்தேக்கிகள் பரவலாயின. இன்று ஓரளவு பெயருள்ள எப்பலகையிலும் அவையே உள்ளன. 'ராணுவத் தரம்', 'கேமிங்' என்று அட்டைப்பெட்டியில் பொறித்திருப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. நம் படிப்பகத்தில் போர் எதுவும் நடப்பதில்லை.

வேண்டாதவற்றை விலக்குவது எளிதாகவே இருந்தது. வண்ண விளக்குகள் வேண்டா. பெட்டியின் பக்கவாட்டுத் தகடு இரும்பு. நுண்செயலியின் வேகத்தை விதித்த அளவுக்கு மேல் முடுக்கிவிடும் இசட் வகைப் பலகை வேண்டா. வேடிக்கை என்னவெனில், விலையுயர்ந்த பலகைகளில் நமக்கு வேண்டிய ஒன்று இல்லாதிருந்தது. நம் பழைய திரைக்கு விஜிஏ இணைப்பு மட்டுமே உண்டு. பதினைந்தாயிரம் ரூபாய்ப் பலகைகளில் அதை எடுத்துவிட்டனர். ஆறாயிரத்திலும் ஒன்பதாயிரத்திலும் இன்னும் நீலநிறத்தில் அது காத்திருக்கிறது.

அதே கடையில் மற்றொரு வலையும் விரிக்கப்பட்டது. ஐ3-12100-க்குப் பதிலாக ஐ3-12100எஃப் எடுத்தால் இரண்டாயிரம் ரூபாய் குறையும் என்றனர். எஃப் என்னும் எழுத்தின் பொருள், அந்தச் சில்லில் படம் காட்டும் பகுதி செயல்படாது என்பதே. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவோருக்கு அது உண்மையான சேமிப்பு. வாங்காதவருக்கோ, பலகையின் பின்புறம் விஜிஏவும் எச்டிஎம்ஐயும் துளைகளாக மட்டுமே இருக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பலகையில் துளை இருப்பதால் படம் வரும் என்று எண்ணி வாங்கிச் சென்று, மறுநாள் கடை வாசலில் நிற்போர் அநேகர் என்று பக்கத்திலிருந்த பணியாளரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைச் சில்லுகளை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். அவற்றுள் வலிமிக்க சில, அளவு மீறிய வோல்ட்டைக் கேட்டு வாங்கி நிலைகுலைவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் பலகை நிறுவனங்களின் பயாஸ் புதுப்பிப்பு வழியாகவே திருத்தம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாம் தலைமுறைக்கு அந்நோய் இல்லை. ஆயினும் இதிலிருந்து பலகை வாங்குவோர் கற்கவேண்டிய ஒன்று உண்டு. விற்றபின்னும் பயாஸ் புதுப்பிப்பைத் தொடர்ந்து வெளியிடும் நிறுவனத்தின் பலகைதான் பலகை. நாம் தேர்ந்த பலகைக்கு அவ்வாண்டும் புதிய பயாஸ் வந்திருப்பதை இளைஞர் தம் கைப்பேசியில் பார்த்து உறுதி செய்தார்.

நுண்செயலி 10,200, தாய்ப்பலகை 9,300, எஸ்எம்பிஎஸ் 2,900. ஆக 22,400 ரூபாய். 3,100 ரூபாய்க் கணக்கைப் பெரியவருக்குக் கடையிலிருந்தே தொலைபேசியில் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பழைய ரேமை எறிய வேண்டாம்னு சொல்றீங்க, அவ்வளவுதானே? வாங்குங்க” என்றார். ஆலைத் தொழிலாளிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்டெல் சில்லுகளின் அடியில் ஊசிகள் இல்லை. ஊசிகள் பலகையின் சாக்கெட்டில் உள்ளன, 1,700. அவற்றில் ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் செல்லாது என்பார்கள். ஆகையால் ரசீது எழுதுமுன் கடைக்காரரின் கண்ணெதிரிலேயே கறுப்பு மூடியைத் திறந்து, கைவிளக்கடியில் ஊசிகளைப் பார்த்தோம். அந்த மூடியை எறியவும் கூடாது. உத்தரவாதத்திற்குப் பலகையை அனுப்பும்போது அதை மாட்டியே அனுப்பவேண்டும். ரசீது வெப்பத்தாளில் அச்சிட்டது. ஓராண்டில் எழுத்து மங்கிவிடும் என்பதால் வீடு திரும்பும் வழியிலேயே நகல் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் மாலை பிள்ளைகள் சுற்றி நிற்க இளைஞர் பொருத்தினார். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள பலகையில் இரண்டே ரேம்களை இடுவதாயின், நுண்செயலிக்கு அடுத்திருக்கும் முதலாவதை விட்டு இரண்டாவதிலும் நான்காவதிலும் இடவேண்டும். அப்போதுதான் இரு பாதைகளிலும் ஒரே நேரத்தில் போக்குவரத்து நடக்கும். அவ்வாறே இடப்பட்டது. விண்டோஸ் உரிமம் 2017-இல் கடையில் தனியே வாங்கியதாதலால் புதிய பலகைக்கு மாற்றிக்கொள்ள இயன்றது. கணிப்பொறியோடு சேர்ந்து வரும் உரிமமாயிருந்தால் பழைய பலகையோடு அதுவும் போயிருக்கும்.

எஞ்சிய 4,600 ரூபாயை எப்படிச் செலவிடுவது என்பதில் பேரவையில் விவாதமே எழவில்லை. படிப்பகத்தின் பின்புறச் சுவரோரம் ஆள் வைத்துக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காய் இட்டு எர்த்திங் செய்தோம். வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கரி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளந்து கொடுத்து, மாலைவரை உடனிருந்தவர் அந்தப் பெரியவர்தாம். இணையக் கம்பியை அன்றே கழற்றிவிட்டோம்; 400 ரூபாய் வைஃபை செருகி ஒன்று இப்போது அந்த வேலையைப் பார்க்கிறது.